ரிஜெக்ட் டப்பாவுல 28 சிப்பாய்

நான் வீட்லயே சின்ன சிப்பாய் பொம்மைய ரெசின்ல துண்டு துண்டா வார்த்து, வாங்கறவங்களே ஒட்டி பெயின்ட் அடிச்சுக்கற மாதிரி கிட்டா விக்கறேன். என் மாடி ரூம் மூலையில ஒரு பழைய பெயின்ட் டப்பா கெடக்கும். காஸ்டிங் சொதப்புச்சுன்னா அதுல தூக்கி போட்ருவேன், நல்லா வந்த பீஸ்ல ஒட்டியிருக்கற ரன்னர (ரெசின் எறங்குன வழியில உறைஞ்சு நிக்கற வால) வெட்டுனாலும் அதுலயேதான். ஜனவரி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா மேல வந்தவரு அந்த டப்பாவ எட்டி பாத்துட்டு, ஒன்னும் பேசாம கீழ போயி சமையக்கட்டுலேர்ந்து எலக்ட்ரானிக் தராச எடுத்துட்டு வந்துட்டாரு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஃபவுண்டரியில 26 வருஷம் இருந்த மனுஷன், குப்பைய பாத்தா எடை போடாம இருக்க முடியாது அவரால.

டப்பா எடை தள்ளி 2 கிலோ 400 கிராம்.

"ஒரு ஊத்துக்கு எவ்ளோ மாலு போவுது?"

"60 கிராம்ப்பா, ரன்னரோட சேத்து."

"நல்ல பீஸ்ல ரன்னர் மட்டும் எவ்ளோ?"

"22."

காலண்டர் தாள் பின்னாடி கணக்கு போட்டாரு. வித்தது 31 கிட்டு, 31 தடவ 22ன்னா 682 கிராம், அது நல்ல பீஸோட வாலு. மீதி 1,718 கிராம், அத 60-ஆல வகுத்தா 28 சொச்சம். "அப்ப 59 ஊத்தி 31 எடுத்துருக்க. ரெண்டுல ஒன்னு குப்பை. எங்க ஷாப்புல இந்த ரிஜெக்‌ஷன் வந்திருந்தா சூப்பர்வைசர் சொல்லாம கொள்ளாம ஊருக்கு போயிருப்பான்டா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க எறங்கிட்டாரு.

நான் அதுவரைக்கும் கிட்டுக்கு 650 ரூபா வச்சி நல்ல லாபம்னு நெனச்சிட்டு இருந்தேன். இத எழுதறதுக்கு காரணமே அந்த 650 எப்படி வந்துச்சு, அது ஏன் தப்பு, இப்ப வெல 1,500க்கு எப்படி போச்சு, நடுவுல மோல்டுல என்னென்ன சொதப்பல்னு சொல்றதுக்குத்தான். சின்ன அளவுல ஃபிகர் கிட் போடலாம்னு யோசிக்கறவங்க வெலைய பத்தி முதல்ல யோசிங்க, நான் கடைசில யோசிச்சேன்.

மொதல்ல பொம்மை என்னன்னு சொல்லிடறேன். மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி (கிழக்கிந்தியக் கம்பெனியோட இந்தியக் காலாட்படை) சிப்பாய், வருஷம் 1806, எடம் வேலூர் கோட்டை. ஸ்கேல் 75 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 24-ல ஒரு பங்கு. இந்த அளவுல நிக்கற மனுஷன் நம்ம ஆள்காட்டி விரல் நீளம் இருப்பான், தலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி. 54 மி.மீ. பழைய கால டின் சோல்ஜர் சைஸு, 28 மி.மீ. எல்லாம் டேபிள் மேல படை நடத்தி வெளயாடறவங்களுக்கு. ஒக்காந்து மாசக்கணக்கா ஒரே பொம்மைக்கு பெயின்ட் அடிக்கறவன் 75, 90ன்னுதான் கேப்பான். என் ஆளுங்க அவங்கதான்.

வேலூர எடுத்ததுக்கு ஒரே காரணம் தலைப்பாகை. 1805 நவம்பர்ல வந்த உத்தரவு, மதராஸ் படைத் தளபதி சர் ஜான் கிராடக் காலத்துல: புது மாதிரி தலைப்பாகை போடணும், பாக்க வெள்ளக்காரன் தொப்பி மாதிரியே இருக்கும், அதுல தோல்ல செஞ்ச காக்கேடு (தொப்பியில குத்தற வில்லை மாதிரி அலங்காரம்) ஒன்னு. நெத்தியில சாதி மத அடையாளம் இருக்கக் கூடாது, யூனிஃபார்ம்ல இருக்கும்போது கடுக்கன் போடக் கூடாது, தாடி கூடாது, மீசை எல்லாருக்கும் ஒரே அளவு. அந்த தோலு மாட்டுத் தோலா பன்னித் தோலான்னு பேச்சு கெளம்பி, 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடியே கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க சுட ஆரம்பிச்சிட்டாங்க. ஆற்காட்டுலேர்ந்து கில்லெஸ்பிங்கற வெள்ளக்கார அதிகாரி 19-வது லைட் டிராகூன்ஸ் குதிரப் படையோட வந்து அன்னைக்கே அடக்கிட்டான், அதுக்கப்பறம் நடந்தது கொடூரம். கவர்னர் வில்லியம் பென்டிங்க், கிராடக் ரெண்டு பேரையும் கம்பெனி திருப்பிக் கூப்ட்டுகிச்சு.

இதுல ஒரு மாடலருக்கு என்ன கெடைக்குதுன்னா, ஒரே ஒடம்பு, ரெண்டு தலை. ஒன்னுல பழைய தலைப்பாகை, காதுல கடுக்கன், நெத்தியில பட்டையோ நாமமோ வாங்கறவரே பெயின்ட்ல போட்டுக்கலாம். இன்னொன்னு உத்தரவுக்கு அப்பறம், புது தலைப்பாகை, வெறும் நெத்தி, ட்ரிம் பண்ண மீசை. கிட்டோட மொத்த கதையும் அந்த ரெண்டு தலையிலதான் இருக்கு, கழுத்துக்கு கீழ ஒன்னுமே மாறல: செவப்பு கோட்டு, குறுக்கு பெல்ட்டு, முட்டிக்கு மேல நிக்கற டிராயர், கால்ல செருப்பு. எனக்கும் ரெண்டாவது தலைக்கு எக்ஸ்ட்ரா செலவு ரெசின்ல 3 கிராம்தான். வாங்குன 31 பேர்ல ஒருத்தர்கூட ரெண்டு தலையும் ஒரே கிட்ல எதுக்குன்னு கேக்கல, எதுக்குன்னு பாத்த உடனே தெரியும்.

ஸ்கல்ப்டிங் நான் பண்ணல. டிஜிட்டல்ல பண்ற ஒரு தம்பிகிட்ட குடுத்தேன், ரெண்டு தலையோட சேத்து 30,000. நான் அவனுக்கு படமும் அளவும் குடுத்தேன். கோட்டைக்குள்ள இருக்கற மியூசியத்துக்கு ரெண்டு தடவ போனது, கம்பெனி காலத்து ஓவியங்கள பிரின்ட் எடுத்தது அதெல்லாம் 2,500. துப்பாக்கி இண்டியா பேட்டர்ன் மஸ்கட்டு, பேரல் 39 இன்ச்சு, 24-ஆல வகுத்தா 41 மி.மீ., பேயனெட்டு (துப்பாக்கி முனையில மாட்டற கத்தி) 17 இன்ச்சு, அது 18 மி.மீ. இந்த 41-ம் 18-ம் பின்னாடி என்ன பாடு படுத்துச்சுன்னு வரும்.

மாஸ்டர, அதாவது மோல்டு எடுக்கறதுக்கான மூல பொம்மைய, எல்சிடி ரெசின் 3டி பிரின்டர்ல எடுத்தேன். 0.03 மி.மீ. லேயர், பெரிய பார்ட்டு சாய்ச்சு வச்சா 60 மி.மீ. உயரம், ஆக 2,000 லேயர், லேயருக்கு 8 செகண்டு, நாலரை மணி நேரம். இங்க எல்லாரும் கேக்கறது, ஏம்ப்பா பிரின்டர்லயே எல்லா கிட்டையும் எடுத்து வித்துட வேண்டியதுதானே, எதுக்கு மோல்டு கீல்டுன்னு. எடுக்கலாம், பல பேரு அப்படித்தான் பண்றாங்க. என் பிரச்சன சப்போர்ட்டு, பிரின்ட் ஆகும்போது பொம்மைய தாங்கிப் புடிக்கற குச்சிங்க. ஒவ்வொரு பிரின்ட்லயும் சப்போர்ட்ட உடைச்சு அந்த புள்ளிய தேய்ச்சு எடுக்கணும், இல்லன்னா வாங்கறவன் தேய்க்கணும், மொகத்துக்கு பக்கத்துல ஒரு புள்ளி இருந்தா போச்சு. மாஸ்டர்ல ஒரே ஒரு தடவ நான் மூணு நாள் ஒக்காந்து தேய்ச்சிட்டா காஸ்டிங் எல்லாமே அப்படியே வழவழன்னு வரும். அப்பறம் காஸ்டிங் ரெசின கத்தியால சீவலாம், பிரின்ட் ரெசின சீவுனா சில்லு சில்லா தெறிக்கும். இது என் ருசி, சண்டைக்கு வராதீங்க.

இப்ப மோல்டு. மொத சொதப்பலே இங்கதான். பிளாட்டினம் சிலிகான் ரொம்ப நாள் தாங்கும், சுருங்காதுன்னு படிச்சு வெல ஜாஸ்தின்னாலும் அதையே வாங்கி மாஸ்டர் மேல ஊத்துனேன். மறுநாள் பொளந்து பாத்தா வெளிப்பக்கம் எல்லாம் ரப்பரா இருக்கு, பொம்மைய தொட்ட எடம் மட்டும் பிசின் மாதிரி கொழகொழன்னு. சிப்பாய் மொகம் பூரா சளி புடிச்ச மாதிரி. பிரின்ட் ரெசின்ல மிச்சம் இருக்கற வேதிப்பொருளு பிளாட்டினத்தோட வேலைய நிறுத்திடும், அதனால ஒட்டுன எடம் மட்டும் இறுகாது. ரெண்டு தடவ பண்ணி ரெண்டு தடவயும் அதேதான், 7,000 ரூபா சிலிகான் போச்சு, மாஸ்டர ஐபிஏ-வுல (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) ப்ரஷ் போட்டு கழுவி காப்பாத்துனேன். வழி இருக்கு: நல்லா கழுவி, யூவி லைட்ல நல்லா வேகவச்சு, சூடு குடுத்து, மேல அக்ரிலிக் லாக்கர் அடிச்சா சில சமயம் ஒத்து வரும். நான் அந்த "சில சமயம்" பக்கமே போகல, டின் சிலிகானுக்கு மாறிட்டேன். அது பிரின்ட் ரெசின பாத்து இந்த அளவுக்கு முறைச்சிக்காது. வெல கிலோ 1,100. கொஞ்சம் சுருங்கும், ஆயுசும் கம்மி, எனக்கு 30 ஊத்துக்கு மேல ஓரம் கிழிய ஆரம்பிக்குது. சுருங்கறதுக்கு ஒரு சின்ன தந்திரம், ஒன்னுக்குள்ள ஒன்னு சொருகற பார்ட்டு, கழுத்தும் காலர் குழியும் மாதிரி, ரெண்டையும் ஒரே மோல்டுல வைங்க. சேந்து சுருங்கும், சொருகுனா லூசா இருக்காது.

டின் சிலிகான்ல மோல்டு அருமையா வந்துச்சு. நவம்பர் ஆரம்பிச்சிருந்துச்சு, வெளிய மழை.

பொம்மை வார்க்கற பியு (பாலியூரித்தேன்) ரெசின் ரெண்டு பாட்டிலு, ஏ-யும் பி-யும், சம எடை கலக்கணும், கலந்து மூணு நிமிஷத்துக்குள்ள ஊத்திடணும். மொத நாலு ஊத்துல பொம்மை பொங்கி வந்துச்சு. நெஜமாவே பொங்குச்சு, ஊத்துற வாய்லேர்ந்து நுரை எழும்பி இட்லி மாதிரி உப்பி நிக்குது, உள்ள வெட்டி பாத்தா ஸ்பாஞ்சு. இந்த ரெசின்ல இருக்கற ஐசோசயனேட்டுக்கு தண்ணி ஆகாது, ஈரம் பட்டா கார்பன் டை ஆக்சைடு வரும், அந்த வாயுதான் நுரை. ரூம்ல ஏசி போட்டேன், பாட்டில தொறந்த உடனே மூடுனேன், அப்பயும் நுரை. கடைசில கண்டுபுடிச்சது என்னன்னா ஐஸ் குச்சி. பாக்கெட் பாக்கெட்டா வாங்கி வச்ச மரக்குச்சி, மழைக்காலத்துல ஒவ்வொன்னும் ஈரத்த குடிச்சு ஒக்காந்திருக்கு, அத வச்சி கலக்கு கலக்குன்னு கலக்கறேன். பேப்பர் கப்பும் அதே கேஸு. எவர்சில்வர் ஸ்பூனுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் மாறுனேன், மோல்ட ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு மரப்பெட்டிக்குள்ள குண்டு பல்பு போட்டு சூடு காட்டுனேன், நுரை நின்னுச்சு. இந்த கட்டத்துல டப்பாவுக்குள்ள 11 சிப்பாய் போயாச்சு.

(ரூம மூடிக்கிட்டு இந்த ரெசின கலக்காதீங்க, மாஸ்க்குன்னா துணி மாஸ்க் இல்ல, கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்.)

அடுத்தது மரு. ரெசின்ல குட்டி குட்டி காத்துக் குமிழி நிக்கறத நசுக்க பிரஷர் பாட், அதாவது காத்தழுத்தம் ஏத்தற மூடுன பாத்திரம், வேணும். பெயின்ட் அடிக்கறவங்க யூஸ் பண்ற 10 லிட்டர் பிரஷர் டேங்க் ஒன்னு செகண்ட் ஹேண்டுல வாங்கி, சேஃப்டி வால்வ புதுசு மாத்தி, 40 பிஎஸ்ஐ குடுத்தேன். குமிழி போச்சு. ஆனா மொகத்துல, சரியா எடது கன்னத்துல, மெளகு சைஸுல பாதி இருக்கற மரு ஒன்னு. அடுத்த காஸ்டிங்லயும் அதே எடம். நெத்தியில இன்னொன்னு. நான் மாஸ்டர்லதான் ஏதோன்னு லென்ஸ் வச்சி பாக்கறேன், மாஸ்டர் சுத்தமா இருக்கு. ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சிகிட்டேன். விஷயம் என்னன்னா சிலிகான ஊத்தும்போது நான் வாக்குவம் போடல, அதுக்குள்ளயே காத்துக் குமிழி இருந்துச்சு, மேல் தோலுக்கு அரை மில்லி அடியில. சாதாரணமா ஊத்துனா தெரியாது. பிரஷர் குடுத்ததும் அந்த குமிழி நசுங்கி மோல்டு சுவரு உள்ள குழி விழுது, குழியில ரெசின் போய் நிக்குது, வெளிய எடுத்தா மரு. ஆக, பிரஷர்ல ஊத்தப் போறீங்கன்னா சிலிகானையும் ஒன்னு வாக்குவம் போட்டு காத்த எடுக்கணும், இல்ல அதே பிரஷர்ல வச்சி இறுக விடணும். ஏசி மெக்கானிக் வச்சிருக்கற வாக்குவம் பம்பே போதும். பாத்திரத்துல மட்டும் கால்வாசிக்கு மேல சிலிகான் ஊத்தாதீங்க, காத்து வெளியேறும்போது அது பால் மாதிரி பொங்கி எழும்பும், நான் அரைவாசி ஊத்தி பம்பு வாய் வரைக்கும் ரப்பர் போயி அந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட வாங்குன திட்டு தனிக் கதை.

மரு வச்ச சிப்பாய் ஒரு 12 பேரு. மீதி அஞ்சு, விரல் இல்லாதவன், ரெசின் எடை தப்பி ரப்பரா நிக்கறவன், அந்த மாதிரி. மொத்தம் 28.

இப்ப வெலைக்கு வருவோம். நான் 650 போட்ட கணக்கு இப்படி: ரெசின் 60 கிராம், கிலோ 1,200, ஆக 72 ரூபா. ஒரு செட்டு மோல்டுக்கு சிலிகான் 1.8 கிலோ, 1,980 ரூபா, 30 ஊத்துல பங்கு போட்டா 66. பாக்ஸு, ஃபோமு, கலர் கார்டு 62. செம்பு கம்பி, பித்தளை, ஜிப் கவரு 18. கிளவுஸ், ரிலீஸ் ஸ்ப்ரே, கரண்டு 25. மொத்தம் 243. வித்தா 650. 407 ரூபா லாபம்! அன்னைக்கி பிரியாணி வாங்கி வீட்ல எல்லாருக்கும் குடுத்தேன், அந்த பிரியாணிய எந்த கணக்குல எழுதறதுன்னு இன்னும் தெரியல.

அப்பா போட்ட கணக்கு வேற. ரெண்டு செட்டு மோல்டு தீந்து போச்சு, 3,960. அத 31-ஆல வகு, 59-ஆல இல்ல. 128 வருது. ரெசின் 59 ஊத்து, 3 கிலோ 540, 4,248 ரூபா, அதையும் 31-ஆல வகு, 137. மத்தது 105. ஆக ஒரு கிட்டு 370. மிச்சம் 280 ரூபா, 31 கிட்டுக்கு 8,680. அப்பறம் என்னைய பாத்து, "நீ எத்தன மணி நேரம் நின்ன?"ன்னாரு. ஒரு ஊத்துக்கு கலக்கி, ஊத்தி, பிரிச்சு எடுக்க 25 நிமிஷம், நல்லா வந்தாலும் வராட்டியும் 25 நிமிஷம்தான். நல்லா வந்தத சீவி, செக் பண்ணி, பேக் பண்ண இன்னொரு 25. மொத்தம் முப்பத்தி ஏழரை மணி நேரம். மணிக்கு 200 ரூபா கூலி வச்சா 7,500. மிச்சம் 1,180.

அந்த 1,180 ரூபாய வச்சிதான் ஸ்கல்ப்ட்டு 30,000, மாஸ்டர் பிரின்ட்டு பாலிஷ் 3,500, பாக்ஸ் ஆர்ட்டுக்கு பெயின்ட் அடிச்சு குடுத்தவருக்கு 12,000, வேலூர் 2,500, பாழாப்போன சிலிகான் 7,000, மொத்தம் 55,000 கழியணும். இந்த வேகத்துல போனா என் பையன் கல்யாணத்துக்குள்ள கழிஞ்சிரும்.

இந்த தொழில்ல ரெசின் வெலைய பேரம் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஒரு காலத்துல மெட்டீரியல்தான் எல்லாம். 1893-ல லண்டன்ல வில்லியம் பிரிட்டன் கம்பெனி ஈய சோல்ஜர உள்ள பொள்ளலா வார்க்க ஆரம்பிச்சாங்க, காய்ச்சின ஈயத்த மோல்டுல ஊத்தி வெளி ஓரம் உறைஞ்ச உடனே நடுவுல இருக்கறத திருப்பி கவுத்துடறது. ஈயம் மிச்சம், எடை கம்மி, கெட்டியா வார்த்த ஜெர்மன் பொம்மைய வெலையில அடிச்சாங்க. அங்க கிராம் கணக்கு ஜெயிச்சுது. என் கிட்டுல ரெசின் இலவசமாவே வந்தாலும் 137 ரூபாதான் மிச்சம், ஆனா ரிஜெக்ட்ட பாதியா கொறச்சா மோல்டு, ரெசின், என் நேரம் மூணும் ஒன்னா கொறையுது.

ரெண்டாவது பேட்ச்சுல நுரையும் இல்ல மருவும் இல்ல. 30 ஊத்துல 22 நல்லது. போன எட்டும் என்னன்னு இந்த தடவ ஒரு நோட்டுல கோடு போட்டு வச்சேன்: துப்பாக்கி அஞ்சு, விரல் ரெண்டு, கோட்டு வாலு ஒன்னு. துப்பாக்கிதான் எமன். 41 மி.மீ. பேரலு, முனையில 0.9 மி.மீ. கனம், அந்த குழாய்க்குள்ள ரெசின் எறங்கறதுக்குள்ள காத்து மாட்டிக்கும், தப்பிச்சு வந்தாலும் சென்னை வெயிலுக்கு ஒரு வாரத்துல வளையும். வளைஞ்சத சுடுதண்ணியில முக்கி நிமித்தலாம், நானும் ஒரு சீட்டுல அப்படி எழுதி பாக்ஸ்ல போட்டேன், அது எவ்ளோ கேவலமான ஐடியான்னு யோசிச்சு பாருங்க, காசு குடுத்து வாங்கறவன்கிட்ட மொத வேலையா வெந்நி போட சொல்றேன். அப்பா பாத்துட்டு, "குழாய ஏன்டா வார்க்கற, குழாயாவே வாங்கி சொருகு"ன்னாரு. அவ்ளோதான். ஒரு மில்லி பித்தளை டியூப் 41 மி.மீ. வெட்டி குடுக்கறேன், மரக்கட்டை மட்டும் ரெசின், பேரல் ஒக்கார ஒரு பள்ளம். ஸ்கல்ப்ட்டு தம்பிகிட்ட ஃபைல மாத்தி வாங்க 1,000 ஆச்சு, அவன் பாவம் நட்புக்கு கம்மியா வாங்கிகிட்டான். பேயனெட்டும் அப்படித்தான், பித்தளைத் தகடு. கடுக்கன் மொதல்லேர்ந்தே செம்பு கம்பிதான், 0.6 மி.மீ. வளையத்த எவனாலயும் வார்க்க முடியாது, காது மடல்ல ஒரு ஊசிக்குத்து மட்டும் மாஸ்டர்ல போட்டு வச்சிருக்கேன், ஊசியில கம்பிய ஒரு சுத்து சுத்தி வெட்டி அதுல மாட்டணும்.

மூணாவது பேட்ச்சுல 30க்கு 26. ஆனா வெல கணக்க நான் 22-லயே போட்டிருக்கேன், ஏன்னா நவம்பர் திரும்ப வரும்.

22 கணக்கு: மோல்டு 90, ரெசின் 98, பாக்ஸ் வகையறா 105, ஆக 293. என் நேரம் ஒரு மணி, 200. பார்ட் ஒடஞ்சிருக்கு, காணும்னு சொல்றவங்களுக்கு திருப்பி அனுப்ப கிட்டுக்கு 20 ஒதுக்கிட்டேன். 513. இதோட அந்த 55,000, 200 கிட்டு விக்கும்னு நம்பி பங்கு போட்டா 275. மொத்தம் 788. 100 கிட்டோட படுத்துடுச்சுன்னா 550, அப்ப 1,063. 200 விக்குமான்னு கேக்காதீங்க, எந்த வருஷமும் எந்த ரெஜிமென்ட்டும் எல்லாருக்கும் புடிச்சிடாது, நெப்போலியன் தோத்த வாட்டர்லூன்னா உலகம் பூரா வாங்குவான், வேலூர்னா எங்க இருக்குன்னு கேப்பான்.

அப்பறம் கடை. ஹாபி கடைக்காரங்க 40 சதவீதம் கழிவு கேக்கறாங்க, அது அநியாயம்னு மொதல்ல கத்துனேன், இப்ப இல்ல, அவங்களுக்கும் வாடகை இருக்கு. 1,500 வெலன்னா கடை எனக்கு 900 குடுக்கும், 788 போக 112. 1,300 வெலன்னா 780, கைக்காசு போட்டு விக்கணும். 1,500 அப்படித்தான் வந்துச்சு, வேற ரகசியம் இல்ல. இது வரிக்கு முன்னாடி. நேரா வாங்கறவங்களுக்கும் அதே 1,500தான், நான் கம்மியா குடுத்தா கடை என்னைய எதுக்கு வைக்கும்? வெளிநாட்டு 75 மி.மீ. ரெசின் கிட்டு பொதுவா 35லேர்ந்து 60 யூரோ வரைக்கும் போவுது, அத ரூபாய்ல மாத்தி நீயும் வைன்னு நெறய பேரு சொன்னாங்க. அவங்க மொகம் என் மொகத்த விட நல்லா இருக்கும் சார், பொம்மை மொகத்த சொல்றேன். மொத கிட்டுக்கு அந்த வெல நான் வைக்க மாட்டேன்.

650லேர்ந்து 1,500 ஆன உடனே திட்டும் வந்துச்சு. "பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்ளோவா"ன்னு ஒருத்தர். பழைய வெலையில வாங்குன ஒருத்தர் ரெண்டாவது வாங்க வந்து நின்னுட்டாரு, அவருக்கு மட்டும் பழைய வெலையிலயே குடுத்தேன், மொத 31 பேருக்கும் அப்படித்தான்னு முடிவு பண்ணேன், அவங்கதான் மரு இருக்கற மொகத்த சகிச்சிகிட்டு வாங்குனவங்க (ரெண்டு கிட்டுல தலைப்பாகை மறைவுல மரு இருந்தது எனக்கு தெரிஞ்சே போச்சு, மன்னிச்சுக்கோங்க). விக்கறது கொறஞ்சுதான் போச்சு, அஞ்சு மாசத்துல நேரா 29, கடை வழியா 17. ஆனா இந்த 46ல வந்த காசு அந்த 31ல வந்தத விட எங்கேயோ இருக்கு.

பேப்பர் வேலைய சுருக்கமா சொல்லிடறேன். வெளி மாநிலத்துக்கு பொருள் வித்தீங்கன்னா டர்ன்ஓவர் எவ்ளோ சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கேப்பாங்க, என் கஸ்டமர்ல பாதி பெங்களூரு, புனே, கொல்கத்தா, அதனால தப்பிக்க வழியில்ல. பாக்ஸ் மேல 14 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு, இது வெளயாட்டுப் பொருள் இல்லன்னு தெளிவா போடுங்க. 2021 ஜனவரிலேர்ந்து 14 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க வெளயாடற பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், உங்க கிட்டு வெளயாட்டு பொம்மைன்னு நெனச்சு யாரும் கேள்வி கேக்க கூடாது, அதவிட முக்கியம் அந்த பித்தளை பேயனெட்டு நெஜமாவே குத்தும். வெளிநாட்டுக்கு அனுப்ப ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி கோடு) நம்பர் எடுத்தேன், இதுவரைக்கும் போனது நாலே கிட்டு.

காப்பி அடிக்கறவங்கள பத்தி ஒரு வரி. ஒரு கிட்ட வாங்கி அதையே மாஸ்டரா வச்சு மோல்டு போட்டு பாதி வெலைக்கு விக்கறவன் இந்த ஹாபி பூரா இருக்கான், என்னால தடுக்க முடியாது. ஒன்னே ஒன்னு பண்ணேன், செருப்பு அடியில ஒரு சின்ன குறி இருக்கு, என்ன குறின்னு சொல்ல மாட்டேன். டிஜிட்டல் ஃபைல விக்காததுக்கும் இதுதான் காரணம்.

இப்ப ஞாயித்துக்கிழமையானா டப்பா எடை அப்பா வேலை. தேதி போட்டு கிராம் கணக்கு எழுதறாரு, போன வாரம் 14 ஊத்து, டப்பாவுல 346 கிராம், அதாவது ஒன்னே ஒன்னுதான் ரிஜெக்ட். விரல்.

அடுத்தது ஆற்காட்டுலேர்ந்து வந்த 19-வது டிராகூன், குதிரையோடன்னு யோசன. ஸ்கல்ப்ட்டு தம்பி கட்டையான ஒரு பிரின்ட்டு எடுத்து குடுத்திருக்கான், வெறும் குதிரை ஒடம்பு, காலு இன்னும் தனியா பிரிக்கல. அத மேசை மேல வச்சிட்டு கீழ சாப்ட போயிட்டு வந்தா அப்பா அத தராசுல வச்சிருக்காரு. 212 கிராம் காட்டுது. கண்ணாடிய நெத்தி மேல ஏத்திட்டு என்னைய பாத்து, "உள்ள பொள்ளலா ஊத்த முடியுமாடா இத?"ங்கறாரு.